எக்ஸ்ஆர்டி ஒரே மாதிரி வந்தும் ஒரு பேட்ச் மட்டும் ஏன் வேலை செய்யவில்லை?

கோபால்ட் ஆக்ஸைடு வினையூக்கியை இரண்டு தடவை செய்தீர்கள், எக்ஸ்ஆர்டி (எக்ஸ்-கதிரால் படிக அமைப்பைப் பார்க்கும் சோதனை) அச்சு அசலாக ஒன்றுதான், ஆனால் கார்பன் மோனாக்சைடை எரிக்க ஒன்றுதான் உதவுகிறது, ஏன் என்கிறீர்கள். கழுவியதில் சந்தேகப்படுங்கள்.

எக்ஸ்ஆர்டி துகளுக்குள் இருக்கும் ஒழுங்கைச் சராசரியாகக் காட்டும், அவ்வளவுதான். தோலில் என்ன ஒட்டியிருக்கிறது என்று அதற்குத் தெரியாது. வாயு வந்து தொடுவதோ தோலை மட்டும்.

ஆராய்ச்சி மாணவனாக இருந்தபோது கோபால்ட் நைட்ரேட்டில் சோடியம் கார்பனேட் ஊற்றி, வீழ்படிவை வடிகட்டிக் கழுவி, 400 டிகிரியில் சுடுவேன். ஒருநாள் கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதென்று ஆறு தடவை கழுவ வேண்டியதை இரண்டோடு நிறுத்திவிட்டேன். பொடி அதே கறுப்பு, எக்ஸ்ஆர்டியில் அதே ஸ்பினல் (இந்த ஆக்ஸைடின் படிக அமைப்பு), பரப்பளவும் கிட்டத்தட்ட அதே. ஆனால் முந்தைய பேட்ச் 120 டிகிரியில் முடித்த வேலைக்கு இது 200-ஐத் தாண்டியும் திணறியது. கழுவாமல் தங்கிவிட்ட சோடியம் எவ்வளவு என்று பார்க்கக் கொடுத்தேன், எடையில் அரை சதவீதம் என்று வந்தது. இதற்கா இவ்வளவு என்றுதான் தோன்றியது.

கணக்குப் போட்டபிறகுதான் உறைத்தது. 100 கிராம் ஆக்ஸைடில் கோபால்ட் சுமார் 1.25 மோல். துகள் 10 நானோமீட்டர் என்றால் வெளியோட்டின் 0.3 நானோமீட்டருக்குள் இருப்பது அதில் சுமார் 17 சதவீதம், அதாவது 0.21 மோல். அரை கிராம் சோடியம் 0.022 மோல். சோடியம் அயனி பெரிது, ஸ்பினலுக்குள் எளிதில் நுழையாது, வெளியேதான் தங்கும். ஆக, வெளியே நிற்கும் பத்து கோபால்ட்டுக்கு ஒரு சோடியம்! கார்பன் மோனாக்சைடை எரிக்கப் போக வேண்டிய பக்கத்து ஆக்சிஜனையும் அது விடாமல் இறுக்கிக்கொள்கிறது.

எக்ஸ்பிஎஸ் (எக்ஸ்-கதிர் பட்டு வெளிவரும் எலக்ட்ரான்களை வைத்து மேற்பரப்பைப் பார்க்கும் சோதனை) எடுத்தால் தெரிந்துவிடும் என்பார்கள். ஓரளவுக்குத்தான். அதுவும் சில நானோமீட்டர் ஆழத்திலிருந்து சேர்த்துத்தான் சொல்கிறது, 10 நானோமீட்டர் துகளில் அது பாதி வயிறு.

கழுவியது சரியாக இருந்தால் துகளின் வடிவத்தைப் பாருங்கள். 2009-இல் சீனாவில் ஒரு குழு இதே ஆக்ஸைடை நானோகம்பிகளாக்கி, வேறு படிகமுகம் அதிகம் வெளியே தெரியும்படி செய்து, மைனஸ் 77 டிகிரியிலேயே கார்பன் மோனாக்சைடை எரித்துக் காட்டியது. உள்ளே அதே பொருள்தான். வாயுவில் ஈரம் இருந்தாலும் குளிர்ந்த நிலையில் இது சட்டென்று படுத்துவிடும், அதையும் ஒரு தடவை பாருங்கள்.

அதற்காக உள்பகுதி சும்மா கிடக்கிறது என்று சொல்லமாட்டேன். சீரியாவை (சீரியம் ஆக்ஸைடு) ஹைட்ரஜனில் சூடாக்கினால் மேல் ஆக்சிஜன் 500 டிகிரி வாக்கிலும் உள் ஆக்சிஜன் 800 வாக்கிலும் போகும். கார் புகைக்குழாய் வினையூக்கியில் சீரியாவோடு சிர்கோனியா (சிர்கோனியம் ஆக்ஸைடு) கலப்பதே அந்த உள்சரக்கு சீக்கிரம் வெளியே வரத்தான்.

உங்கள் பேட்சைத் தூக்கிப் போடாதீர்கள். நான் அந்தப் பொடியை வெந்நீரில், வடிநீரின் கடத்துதிறன் (அதில் எவ்வளவு உப்பு கரைந்து வருகிறது என்று காட்டும்) இறங்கும்வரை கழுவி, உலர்த்தி, மறுபடி சோதித்தேன். 140-க்கு இறங்கியது. 120 மட்டும் திரும்ப வரவே இல்லை.