123456789 பகா எண்ணா? கையாலேயே கண்டுபிடிக்கலாம்

கேள்வி: 123456789 பகா எண்ணா என்று என் மகள் கேட்டாள். 3-ஆல் வகுபடும், அதனால் இல்லை என்றேன். "அப்போ முழுசா காரணிப்படுத்திக் காட்டுங்கப்பா" என்கிறாள். கால்குலேட்டர் இல்லாமல் முடியுமா?

முடியும். ஒரு தாளும் கொஞ்சம் பொறுமையும் போதும்.

3 என்று சொன்னீர்கள். 9 என்றே சொல்லியிருக்கலாம். இலக்கங்களைக் கூட்டினால் 45. 10, 100, 1000 எதை 9-ஆல் வகுத்தாலும் மீதி 1தான். அதனால் எந்த எண்ணை 9-ஆல் வகுத்தாலும் வரும் மீதி, அதன் இலக்கங்களைக் கூட்டி வகுத்தால் வரும் மீதியேதான். கூட்டலுக்கு வரிசை முக்கியமில்லை, பாருங்கள். ஆகவே இந்த ஒன்பது இலக்கங்களை 3,62,880 விதமாக மாற்றிப் போட்டாலும் ஒன்றுகூடப் பகா எண்ணாகத் தேறாது.

சரி, 9-ஆல் வகுத்தால் 13717421. இதன் இலக்கக் கூடுதல் 26, எனவே இனி 3 வராது. கடைசி இலக்கத்தைப் பார்த்தாலே 2, 5 கிடையாது. 7, 11, 13 மூன்றையும் ஒரே அடியில் பார்த்துவிடலாம், ஏனென்றால் அவற்றின் பெருக்கல் 1001. வலதிலிருந்து மும்மூன்றாகப் பிரித்து மாற்றி மாற்றிக் கழித்துக் கூட்டுங்கள்: 421 − 717 + 13 = −283. 283 இந்த மூன்றில் எதனாலும் வகுபடாது.

அப்புறம் 17, 19, 23 என்று போனால் மாட்டிக்கொள்வீர்கள். அடுத்துச் சிக்கும் காரணி 504-வது பகா எண்!

இங்கே 17-ஆம் நூற்றாண்டு பிரெஞ்சுக்காரர் பெர்மாவின் வழி கைகொடுக்கும். இரண்டு வர்க்கங்களின் வித்தியாசமாக எண்ணை எழுத முடிந்தால், அந்த இரு எண்களின் கூடுதலும் வித்தியாசமுமே காரணிகள். 13717421-இன் வர்க்கமூலம் 3703-ஐத் தாண்டுகிறது. 3704-இன் வர்க்கம் 13719616. நம் எண்ணைக் கழித்தால் 2195, வர்க்கமில்லை. 3705-இன் வர்க்கம் 13727025, கழித்தால் 9604. இது 98-இன் வர்க்கம். ஆக 3705 − 98 = 3607, 3705 + 98 = 3803. விடை: 9 × 3607 × 3803.

இரண்டே முயற்சியில் முடிந்தது காரணிகள் பக்கத்துப் பக்கத்தில் இருந்ததால்தான். 987654321-இல் இதைச் செய்து பார்க்காதீர்கள். 9 போக மிஞ்சுவது 17 × 17 × 379721. பெர்மா வழியில் போனால் 1,79,530-வது முயற்சியில்தான் பிடிபடும். அங்கே சாதாரண வகுத்தலே மேல், 17 சீக்கிரமே வந்துவிடும்.

3607-ம் 3803-ம் பகா எண்கள்தானா என்று அடுத்து கேட்பாள். 62-இன் வர்க்கமே 3844 என்பதால் 61-ஐத் தாண்ட வேண்டாம். 13 வரை ஏற்கெனவே பார்த்தாயிற்று. மிச்சம் 17 முதல் 61 வரை 12 பகா எண்கள்; அந்த வகுத்தலை அவளிடமே கொடுத்துவிடுங்கள்.