கையை ஊன்றாமல் எழ முடிகிறதா?

கேள்வி: அம்மாவுக்கு 72 வயது, எடை 50 கிலோ. சர்க்கரை, பிரஷர் எதுவும் இல்லை. ஆனால் ஆறு மாதமாக நாற்காலியிலிருந்து கையை ஊன்றித்தான் எழுகிறார். காலையில் இரண்டு இட்லி, மதியம் ரசம் சாதமும் கொஞ்சம் தயிரும், இரவு மறுபடி இரண்டு இட்லி, நடுவில் இரண்டு காபி. முட்டை அவித்துக் கொடுத்தால் பேரன் தட்டில் வைத்துவிடுகிறார். கேட்டால், "வயசானா வயிறு லேசா இருக்கணும்டி" என்கிறார். புரோட்டீன் பவுடர் வாங்கிக் கொடுக்கலாமா?
- வாசகி, கரூர்

பதில்: டப்பாவை அப்புறம் பார்க்கலாம், முதலில் தட்டைப் பார்ப்போம். நீங்கள் எழுதியதை எல்லாம் கூட்டிப் பார்த்தேன், ஒரு நாளைக்குப் புரதம் 25 கிராமை ஒட்டித்தான் வருகிறது. வயதானவர்களுக்கு எடையில் கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் வரை வேண்டும் என்கிறார்கள், அப்படியென்றால் உங்கள் அம்மாவுக்கு 50, 60 கிராம். பாதிதான் போகிறது. வயதானால் பசி குறையும், அது உண்மைதான். ஆனால் தசைக்கு வேண்டிய புரதம் குறைவதில்லை, சொல்லப்போனால் கூடுகிறது, ஏனென்றால் அதே அளவு புரதத்தை வைத்துக்கொண்டு இளவயது உடம்பு கட்டும் அளவுக்கு வயதான உடம்பால் தசை கட்ட முடியாது.

சரி, மீதியை எங்கே சேர்ப்பது? இரண்டு முட்டையில் 12 கிராம். ரசத்துக்கு முன்னால் நெய் விட்டுக் கெட்டிப் பருப்பு ஒரு கரண்டி, சாயங்காலம் கொண்டைக்கடலைச் சுண்டல் ஒரு கப், படுக்கப் போகும்போது ஒரு டம்ளர் பால். அவ்வளவுதான், 55-ஐத் தாண்டிவிடும். பல் செட் தொந்தரவு என்றால் சுண்டலை மசித்துவிடுங்கள், நம் வீடுகளில் பாதிப்பேர் கடலையை ஒதுக்குவது வயிற்றால் அல்ல, பல்லால்தான். பேரனுக்குத் தனியாக ஒரு முட்டை அவித்துவிடுங்கள், அம்மா சாப்பிட்டு முடிக்கும்வரை பக்கத்திலேயே உட்காருங்கள்.

ஆனால் சாப்பாடு மட்டும் போதாது. பாஸ்டனில் ஒரு முதியோர் இல்லத்தில், சராசரி வயது 87 உள்ள 100 பேரை வைத்து மரியா ஃபியாட்டரோனே குழு செய்த ஆய்வு 1994-ல் வந்தது. பத்து வாரம் எடை தூக்கிக் கால் பயிற்சி செய்தவர்களுக்கு பலம் இரட்டிப்பானது, சத்துபானம் மட்டும் குடித்தவர்களுக்கு ஒன்றும் நடக்கவில்லை. டப்பாவைத் தள்ளி வைக்கச் சொன்னது இதனால்தான்.

அம்மாவுக்குப் பயிற்சி நாற்காலியிலேயே இருக்கிறது. சுவரை ஒட்டிக் கனமான நாற்காலி (பிளாஸ்டிக் வேண்டாம், வழுக்கும்), எதிரில் நீங்கள். எழுந்து உட்காரட்டும், முதலில் கை ஊன்றியே ஐந்து முறை, பழகியதும் கையை மார்பில் கட்டிக்கொண்டு. அப்படி ஐந்து முறை எழுந்து உட்கார 12 விநாடியோ அதற்கு மேலோ ஆனால் தசை தளர்ந்திருக்கலாம் என்று ஆசிய நாடுகளின் மருத்துவர் குழு 2019-ல் அளவு சொல்லியிருக்கிறது. மாதம் ஒருமுறை கடிகாரம் பார்த்துக் குறித்து வையுங்கள். ஆறு மாதத்தில் இவ்வளவு தளர்ந்ததால் பி12, டி வைட்டமின், தைராய்டு மூன்றையும் டாக்டரிடம் சொல்லி ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

கேள்வி: அப்பாவுக்கு கிரியேட்டினின் கூடியிருக்கிறது. அவரும் முட்டை, சுண்டல் என்று கூட்டலாமா?
- வாசகர், தேனி

பதில்: நீங்களாகக் கூட்டாதீர்கள். கிரியேட்டினின் என்பது சிறுநீரகம் வடிகட்டி வெளியேற்றும் கழிவு, அது ரத்தத்தில் கூடினால் சிறுநீரகம் தளர்ந்திருக்கலாம். சிறுநீரகம் தளர்ந்தவர்களுக்குப் பெரும்பாலும் புரதத்தைக் குறைக்கச் சொல்வார்கள், டயாலிசிஸ் ஆரம்பித்துவிட்டால் நேர்மாறாகக் கூட்டச் சொல்வார்கள். அப்பா எந்தக் கட்டத்தில் இருக்கிறார் என்று அவரைப் பார்க்கும் டாக்டர்தான் சொல்ல வேண்டும். டாக்டர் சரி என்றால் நாற்காலிப் பயிற்சியை மட்டும் இன்றைக்கே தொடங்கலாம்.