எதிர்க்கும் கை – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

உடற்பயிற்சி பற்றி நீங்கள் எழுதுவதைத் தொடர்ந்து வாசிக்கிறேன். எனக்கு 38 வயது, நாள் முழுக்க உட்கார்ந்து பார்க்கும் வேலை. சில மாதங்களாக ஒரு தற்காப்புக் கலைப் பள்ளிக்குப் போகிறேன். தனியாகச் செய்யும் அடவு வரிசைகளும், யார் எப்படி அடிப்பது, யார் எப்படித் தடுப்பது என்று முன்பே பேசிவைத்த ஜோடிப் பயிற்சிகளும்தான் அங்கே நடக்கின்றன. எதிராளியோடு நேருக்கு நேர் மோதிப் பழகும் ஸ்பாரிங் எப்போது என்று கேட்டேன். "நம் அடிகள் உயிரை எடுப்பவை, அதனால் ஸ்பாரிங் கிடையாது" என்றார் மாஸ்டர். இரண்டே வருடத்தில் கறுப்புப் பட்டை உறுதி என்றும் சொல்கிறார்.

என் நண்பன் குத்துச்சண்டை கற்கிறான். அங்கே வாரம் தவறாமல் முழு பலத்தில் அடித்துக்கொள்கிறார்கள். போன வாரம் தலையில் வாங்கிய அடியிலிருந்து அவனுக்குத் தலைவலி விடவில்லை. "போகப் போகப் பழகிவிடும்" என்கிறாராம் பயிற்சியாளர். இரண்டில் எது சரி? எந்தக் கலை நிஜத்தில் உதவும்? இந்த வயதில் ஆரம்பித்துப் பயன் உண்டா? பத்து வயது மகளையும் சேர்க்க ஆசை. உங்கள் கருத்தை எழுதுங்கள்.

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

முதலில் உங்கள் நண்பர். மற்றதெல்லாம் அப்புறம். தலையில் அடிபட்டு ஒரு வாரமாகத் தலைவலி என்றால் அவர் இன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும். வலி கூடிக்கொண்டே போனாலோ, திரும்பத் திரும்ப வாந்தி வந்தாலோ, தூக்கக் கலக்கம், பேச்சில் தடுமாற்றம், கை கால் பலவீனம் தெரிந்தாலோ நேராக அவசர சிகிச்சைக்குப் போகட்டும். மருத்துவர் சரி என்று சொல்லும்வரை ஸ்பாரிங் வேண்டாம். அதன் பிறகும் நடை, மெல்லோட்டம், காற்றில் தனியாகக் குத்திப் பழகும் நிழல்குத்து, பயிற்சியாளர் பிடிக்கும் பேட்-மெத்தையில் அடிப்பது என்று படிப்படியாகத்தான் திரும்ப வேண்டும். ஒரு படியில் தலைவலி வந்தால் முந்தைய படிக்கு இறங்க வேண்டும்.

அடியைத் தாங்கித் தாங்கித் தோலும் எலும்பும் ஓரளவு பழகும். மூளை பழகாது. 1928-லேயே ஹாரிசன் மார்ட்லண்ட் என்ற மருத்துவர், குத்துச்சண்டை வீரர்களுக்கு வரும் தள்ளாட்டத்தையும் மந்தநிலையையும் பற்றி மருத்துவ இதழில் எழுதிவிட்டார். தலைக்கவசம் போட்டால் சரியாகிவிடும் என்பதும் தவறான நம்பிக்கை. அது வெட்டுக்காயத்தையும் வீக்கத்தையும் குறைக்கும். மண்டைக்குள் மூளை குலுங்குவதை அது தடுக்கும் என்று நம்பி இருக்க முடியாது. 2016 ரியோ ஒலிம்பிக்கில் ஆண்கள் தலைக்கவசம் இல்லாமலே மோதினார்கள். "பழகிவிடும்" என்று சொல்லும் பயிற்சியாளரிடமிருந்து உங்கள் நண்பர் விலகுவது நல்லது. அந்தப் பயிற்சியாளர் எத்தனை பதக்கம் வாங்கியவராக இருந்தாலும் சரி.

இப்போது உங்கள் மாஸ்டர் சொன்னதற்கு வருகிறேன். "எங்கள் அடிகள் ஆபத்தானவை, அதனால் பழகிப் பார்க்க முடியாது" என்ற வாதத்தைப் பல கலைகளின் பள்ளிகளில் கேட்டிருக்கிறேன். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்தக் கேள்விக்கு நூற்று நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே ஒருவர் பதில் கண்டுவிட்டார்.

ஜப்பானியரான கானோ ஜிகோரோ, ஜுஜுட்சு எனப்படும் பழைய ஜப்பானியச் சண்டை மரபுகளைக் கற்றவர். 1882-ல், இருபத்தொரு வயதில், டோக்கியோவில் ஒரு கோயிலின் சிறிய அறையில் விரல்விட்டு எண்ணக்கூடிய மாணவர்களோடு கோடோகன் என்ற பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். ஜூடோ பிறந்த இடம் அது. பழைய மரபில் குத்து, உதை, ஆயுதம், விரலை முறிப்பது எல்லாம் உண்டு. அவற்றை அவர் வீசியெறியவில்லை. ஆபத்தானவற்றை முன்கூட்டியே ஒழுங்கு செய்யப்பட்ட அடவு வரிசைகளுக்குள் வைத்துப் பாதுகாத்தார். தள்ளி வீழ்த்துவது, அமுக்கிப் பிடிப்பது, கழுத்தை நெரிப்பது போன்றவற்றை ராண்டோரி என்ற தாராளப் பயிற்சிக்கு எடுத்துக்கொண்டார். ராண்டோரியில் எதிரே நிற்பவர் உங்களோடு ஒத்துழைக்க மாட்டார். நீங்கள் வீழ்த்த முயல்வீர்கள், அவர் முழு மூச்சாக மறுப்பார், கூடவே உங்களை வீழ்த்தவும் பார்ப்பார். மூட்டை மடக்கி வலிக்கவைக்கும் மூட்டுப் பூட்டு இன்றைய ஜூடோப் போட்டியில் முழங்கைக்கு மட்டும்தான் அனுமதி.

இதன் பலன் என்ன என்று யோசித்துப் பாருங்கள். கண்ணைக் குத்தும் உத்தியைப் பத்து வருடம் காற்றில் பழகியவருக்கு, விலகி ஓடுகிற, கையைத் தட்டிவிடுகிற, திருப்பித் தாக்குகிற ஆளின் கண் எப்படி நகரும் என்று தெரியாது. எளிமையான ஒரு வீழ்த்தலைத் தினமும் நாற்பது முறை எதிர்ப்பவர்மீது முயன்று முப்பத்தைந்து முறை தோற்றவருக்கு நேரம், தூரம், சமநிலை மூன்றும் உடம்பில் ஏறியிருக்கும். ஆபத்தானதை ஒதுக்கியதால்தான் ஜூடோவின் பயிற்சி கூர்மையானது. இதை நான் தற்காப்புக் கலை வரலாற்றின் மிக முக்கியமான கண்டுபிடிப்பாகவே நினைக்கிறேன். இன்னமும் பாதிப் பேர் இதைக் கேள்விப்படாதது போல நடப்பது எனக்கு வருத்தம்.

கோடோகனில் பயின்ற மயேதா மிட்சுயோ 1914-ல் பிரேசில் போனார். அவரிடம் கார்லோஸ் கிரேசி கற்றார். அந்தக் குடும்பம், தரையில் பிடித்து உருளும் தரைச்சண்டையை, பிரேசிலிய ஜியு ஜிட்சு என்ற பெயரில் தனியாக வளர்த்தது. 1993 நவம்பரில் அமெரிக்காவின் டென்வரில், வெவ்வேறு கலைக்காரர்கள் மோதிய முதல் யுஎஃப்சி போட்டியில், எண்பது கிலோ அளவே இருந்த ராய்ஸ் கிரேசி ஒரே இரவில் மூன்று பேரை அடக்கி வென்றார். உடனே உலகம் முழுக்க "ஜியு ஜிட்சுதான் உயர்ந்த கலை" என்ற பேச்சு கிளம்பியது. என் பார்வையில் அது அவசர முடிவு. அந்த இரவில் வென்றது, எதிர்க்கும் ஆளோடு அன்றாடம் உருண்ட பழக்கம். எதிராளிகளில் பெரும்பாலோருக்குத் தரையில் அந்தப் பழக்கம் இல்லை. சில வருடங்களிலேயே மல்யுத்த வீரர்களும் கிக்பாக்ஸிங்காரர்களும் தரைச்சண்டையைத் தடுக்கக் கற்றுக்கொண்டு வெல்லத் தொடங்கினார்கள்.

ஆகவே "எந்தக் கலை?" என்ற கேள்வியைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு, போகிற இடத்தில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். குத்துச்சண்டை, தாய்லாந்தின் முவாய் தாய், மல்யுத்தம், ஜூடோ, ஜியு ஜிட்சு ஆகியவற்றில் எதிர்ப்போடு பழகுவது பாடத்திலேயே இருக்கிறது. கராத்தே, டேக்வாண்டோ, சிலம்பம், களரி போன்றவற்றில் ஆசானைப் பொறுத்து எல்லாமே மாறும். சிலம்பத்தில் காலடியும் வீச்சும் தனியாகப் பழகியே தீர வேண்டியவை. கம்பு எலும்பில் பட்டால் என்ன ஆகும் என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் பஞ்சு சுற்றிய கம்பும் கவசமும் கொண்டு மாணவர்களை மோதவிடும் ஆசானிடம் போய்விட்டு வந்தவரின் காலடியே வேறு மாதிரி இருக்கும். அடவு வரிசைகளை நான் குறைத்துப் பேசவில்லை. உடம்பின் நிலை, மூச்சு, நினைவு எல்லாவற்றுக்கும் அவை உதவும். அவை மட்டுமே பயிற்சி என்றால்தான் குறை.

ஒவ்வொரு போட்டியின் விதியும் அந்தக் கலையின் உடம்பையே மாற்றிவிடும் என்பதையும் கவனியுங்கள். ஒலிம்பிக் முறை டேக்வாண்டோப் போட்டியில் முகத்தில் குத்தக் கூடாது, அதனால் பலர் கைகளைத் தொங்கவிட்டுப் பழகிவிடுகிறார்கள். ஜூடோவில் 2010 முதல் காலைக் கையால் பிடித்து வீழ்த்துவது படிப்படியாக விலக்கப்பட்டது, அதைத் தடுக்கும் பழக்கமும் மங்கியது. குத்துச்சண்டையில் யாரும் உங்களைப் பிடித்துத் தள்ள மாட்டார்கள். உங்கள் கலை எதைக் கற்றுத்தரவில்லை என்று தெரிந்திருந்தால் போதும், அது ஒரு குற்றமல்ல.

எதிர்ப்பு வேண்டும் என்று சொன்னேன். காயம் வேண்டும் என்று சொல்லவில்லை. உங்கள் மாஸ்டரும் நண்பரின் பயிற்சியாளரும் இந்த இரண்டையும் ஒன்றென்று நினைக்கிறார்கள். ஒருவர் காயத்துக்குப் பயந்து எதிர்ப்பையே நீக்கிவிட்டார், மற்றவர் எதிர்ப்பு வேண்டும் என்று காயத்தை வரவழைக்கிறார். நல்ல பயிற்சிக் கூடத்தில் ஸ்பாரிங் பெரும்பாலும் மெதுவாகவே நடக்கும். 16 அவுன்ஸ் கிளவுஸ், பல்கவசம், உடம்பில் கொஞ்சம் அழுத்தம், முகத்தில் தொடுகை மட்டும். ஒரு சுற்று முழுக்க ஒருவர் இடக்கை நேர்க்குத்தை மட்டும் பயன்படுத்த, மற்றவர் தடுப்பதும் நகர்வதும் மட்டும் செய்வார். எதிர்ப்பு முழுமையாக இருக்கும், தலை பத்திரமாக இருக்கும். தரைச்சண்டையில் இது இன்னும் எளிது. ஒரு பிடியிலிருந்து தொடங்கி, தப்பித்தால் நிறுத்தி, மறுபடி அதே பிடி. பலத்தைக் கட்டுப்படுத்தத் தெரியாதவரோடு ஸ்பாரிங் செய்ய மறுப்பது உங்கள் உரிமை. அதைக் கோழைத்தனம் என்று பேசும் இடத்தில் நிற்காதீர்கள்.

வயதைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். 38 தாமதமே இல்லை. ஆனால் ஒன்று: தசை சில வாரங்களில் பலம் பெறும், தசைநாணும் மூட்டுப் பந்தமும் அதைவிட மெதுவாகத்தான் உறுதிப்படும். இரண்டாம் மாதம் "நான் தேறிவிட்டேன்" என்று தோன்றும், அப்போதுதான் தோளும் முழங்காலும் போகும். முதல் மூன்று மாதம் வாரம் இரண்டு நாள், நடுவில் ஓய்வு. மற்ற நாட்களில் நடை, குந்தி எழுவது, கழுத்துக்கும் இடுப்புக்கும் லேசான பயிற்சி. தூக்கத்தைக் குறைத்துக்கொண்டு பயிற்சிக்குப் போகாதீர்கள்.

வீழ்த்தும் கலை எதுவானாலும் முதலில் விழக் கற்றுக்கொள்ளுங்கள். பின்பக்கம் விழும்போது தாடை நெஞ்சோடு ஒட்டியிருக்க வேண்டும், பின்மண்டை தரையைத் தொடவே கூடாது. இதைச் சலிப்பாக நினைத்து அவசரப்படுத்தும் ஆசான்கள் உண்டு. ஜப்பானியப் பள்ளிகளில் 1983 முதல் சுமார் முப்பது ஆண்டுகளில் நூற்றுக்கும் அதிகமான மாணவர்கள் ஜூடோவில் உயிரிழந்தார்கள். அவர்களில் பலருக்குத் தலைக்காயம்தான் காரணம், பலர் புதிதாகச் சேர்ந்தவர்கள். கலை பிறந்த நாட்டிலேயே நடந்தது இது. ஒரு மாணவரை முழு வேகத்தில் தூக்கிப் போடுவதற்கு முன் அவர் விழக் கற்றிருக்கிறாரா என்று பார்ப்பது ஆசானின் முதல் கடமை.

பூட்டிலோ நெரிப்பிலோ மாட்டினால், விட்டுவிடச் சொல்லும் அடையாளமாக எதிராளியின் உடம்பிலோ தரையிலோ உடனே கையால் தட்டிவிடுங்கள். கழுத்தின் இருபக்கத் தமனிகளும் சரியாக அமுக்கப்பட்டால் பத்து வினாடிக்குள் நினைவு தப்பிவிடும், யோசிக்க நேரம் இருக்காது. தட்டிய பிறகும் விடாதவர் இருக்கும் கூடத்தில், அவரைக் கண்டிக்காத மாஸ்டரும் குற்றவாளிதான். அப்புறம், நகத்தை வெட்டுங்கள், உடையை ஒவ்வொரு முறையும் துவையுங்கள், தோலில் படையோ கட்டியோ இருந்தால் போகாதீர்கள். படர்தாமரை ஒரு கூடம் முழுக்கப் பரவ ஒருவர் போதும்.

நிஜத்தில் உதவுமா என்றால், ஓரளவு உதவும். யாராவது பிடித்தால் உறைந்து போகாமல் இருப்பீர்கள், கீழே விழுந்தால் எழுந்து ஓடத் தெரியும். ஆனால் எடை ஒரு பெரிய விஷயம். எடைப் பிரிவுகளை வைத்ததே அதற்காகத்தான். கத்தி என்றால் ஓடுவதுதான் பதில். கத்தியைப் பிடுங்கும் வித்தை கற்றுத்தருவதாகச் சொன்னால், வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு கூட்டாளி கையில் ஒரு மார்க்கர் பேனாவைக் கொடுங்கள். அவர் இஷ்டப்படி, சொல்லிவைக்காமல், வேகமாகக் குத்தட்டும். ஒரு நிமிடம் கழித்துச் சட்டையைப் பாருங்கள். உங்கள் மாஸ்டரும் இதைச் செய்து பார்க்கலாம்.

இரண்டு வருடக் கறுப்புப் பட்டை பற்றி ஒன்று சொல்கிறேன். கானோவின் அமைப்பில் முதல் கறுப்புப் பட்டை என்பது அடிப்படை முடிந்தது, இனித்தான் பாடம் என்பதற்கான அடையாளம். அந்தப் பொருளில் இரண்டு வருடம் ஆச்சரியமில்லை. பிரேசிலிய ஜியு ஜிட்சுவில் பத்து வருடம் ஆவது சாதாரணம். சேரும்போதே தேதி சொல்லி உறுதி தருவதுதான் தவறு. உங்கள் உடம்பு எப்படிக் கற்கும் என்று அவருக்கு எப்படித் தெரியும்?

மகளைத் தாராளமாகச் சேருங்கள். பத்து வயதுக்கு ஜூடோ, மல்யுத்தம், ஜியு ஜிட்சு போன்றவை நல்லவை. தலையில் அடி கிடையாது, எதிர்ப்பு உண்டு, விழக் கற்பது வாழ்நாள் முழுக்க உதவும். குத்தும் கலைதான் அவளுக்குப் பிடிக்கிறது என்றால், குழந்தைகளுக்குத் தலையில் அடி அனுமதிக்காத இடமாகப் பாருங்கள். பெற்றோர் உட்கார்ந்து வகுப்பைப் பார்க்கக் கூடாது என்று சொல்லும் இடம் வேண்டவே வேண்டாம். ஆசான் குழந்தையைத் தனியாகக் கூப்பிட்டுப் பயிற்சி தருவது, தனியாகக் குறுஞ்செய்தி அனுப்புவது இரண்டையும் முதல் நாளிலேயே மறுத்துவிடுங்கள். போட்டிக்காக எடையைக் குறைக்கச் சொன்னால் சம்மதிக்காதீர்கள். 1997-ல் அமெரிக்காவில் மூன்று கல்லூரி மல்யுத்த வீரர்கள் எடை குறைக்க நீரை வெளியேற்றப் போய்ச் சில வாரங்களுக்குள் அடுத்தடுத்து இறந்தார்கள். வளர்ந்த, பலமான இளைஞர்களுக்கே அந்தக் கதி. கற்ற வித்தையை வைத்து ஒரு பெரிய ஆளை அவள் வீழ்த்திவிடலாம் என்ற எண்ணத்தை மட்டும் அவளுக்குக் கொடுக்காதீர்கள். கத்துவது, ஓடுவது, உங்களிடம் வந்து சொல்வது, இந்த மூன்றும் அவளுக்கு முதலில் வர வேண்டும்.

உங்களுக்கு என் யோசனை இது. இப்போதைய மாஸ்டரிடம் இன்னொரு முறை மரியாதையாகக் கேளுங்கள்: ஆபத்தானதை விட்டுவிட்டு, மீதியை எதிர்ப்போடு மெதுவாகப் பழகலாமா என்று. சம்மதித்தால் அங்கேயே தொடருங்கள், நல்ல ஆசானாக இருக்க வாய்ப்புண்டு. மறுத்தால் அருகில் இருக்கும் ஜூடோ அல்லது ஜியு ஜிட்சுக் கூடத்தில் பணம் கட்டுவதற்கு முன் ஒரு வகுப்பு முழுக்க உட்கார்ந்து பாருங்கள். மூத்த மாணவர்கள் புதியவர்களோடு எப்படிப் பழகுகிறார்கள், நாற்பது வயதுக்கு மேற்பட்டவர்கள் எத்தனை பேர் வருகிறார்கள், மாஸ்டர் தானும் மாணவர்களோடு இறங்கிப் பழகுகிறாரா, யாராவது தட்டியவுடன் பிடி விடுபடுகிறதா என்று கவனியுங்கள். நண்பர் மருத்துவரைப் பார்த்த பிறகு என்ன ஆனது என்று எழுதுங்கள்.

அன்புடன்