கேள்வி பதில்: 'மதகுரு' எழுதிய டீச்சர்

கேள்வி: எழுத்தாளர் க.நா.சு. மொழிபெயர்த்த 'மதகுரு' நாவலைப் பழைய புத்தகக் கடையில் வாங்கிப் படித்தேன். குடிகாரப் பாதிரியாரை இப்படி எழுதிய செல்மா லாகர்லெவ் யார்?
(வாசகர், திண்டுக்கல்)

பதில்: பள்ளிக்கூட டீச்சர். 1858-ல் ஸ்வீடனின் வேர்ம்லாண்ட் பகுதியில், மோர்பக்கா என்ற பண்ணை வீட்டில் பிறந்தவர். சின்ன வயதிலேயே கால் பாதித்து, ஆயுசு முழுக்க விந்தி விந்திதான் நடந்தார். ஓடியாட முடியாத குழந்தைக்குப் பாட்டி சொன்ன கதைகள்தான் துணை. அப்பா உல்லாசப் பேர்வழி, குடியும் உண்டு. 1885-ல் அவர் இறந்துபோனபோது மிஞ்சியது கடன்; சில வருடங்களில் வீடும் கைமாறிப் போனது. அந்த நேரத்தில் லாந்த்ஸ்க்ரூனா என்ற ஊரில் பெண்களுக்குப் பாடம் நடத்திக்கொண்டே இந்த நாவலை எழுதிக்கொண்டிருந்தார். 1890-ல் 'இடுன்' என்ற பெண்கள் பத்திரிகை நடத்திய போட்டிக்கு ஐந்து அத்தியாயங்களை அனுப்ப, முதல் பரிசு. மறு வருடம் புத்தகம். வீட்டைப் பறிகொடுத்த வயிற்றெரிச்சல் துளிகூட இல்லாமல், குடித்துக் கூத்தடித்துச் சொத்தை அழிக்கிறவர்களை இவ்வளவு பிரியமாக எழுதியிருக்கிறாரே, எனக்கு இன்றும் ஆச்சரியம் அதுதான்.

கேள்வி: வாத்தின் முதுகில் பறக்கும் பையன் கதையும் இவருடையதா?
(வாசகி, நாகர்கோவில்)

பதில்: ஆமாம், அந்தப் பையன் பெயர் நில்ஸ். ஆசிரியர் சங்கம் கேட்டுக்கொண்டதால் எழுதிய புவியியல் பாடப் புத்தகம் அது, சத்தியமாக!

கேள்வி: நோபல் பணத்தை என்ன செய்தார்?
(வாசகர், தஞ்சாவூர்)

பதில்: 1909-ல் பரிசு வந்தது, இலக்கியத்தில் அதைப் பெற்ற முதல் பெண் அவர்தான். கைமாறிப்போன மோர்பக்கா வீட்டை இரண்டு வருடம் முன்பே மீட்டுவிட்டார். பரிசுப் பணத்தில் நிலத்தையும் வாங்கினார். அப்புறம் பயிர், ஆட்கள், ஓட்ஸ் மாவு வியாபாரம் என்று முழு விவசாயியாகவே ஆகிவிட்டார்.

ஆனால் நோபல் விழாவில் அவர் பேசிய பேச்சைத்தான் நீங்கள் தேடிப் படிக்க வேண்டும். ஸ்டாக்ஹோமுக்கு ரயிலில் வரும்போது, சொர்க்கத்தில் இருக்கும் அப்பாவைப் பார்க்கப் போவதாகக் கற்பனை செய்கிறார். அப்பா வராந்தாவில் ஆடும் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். "நான் பெரிய கடனாளி அப்பா" என்கிறாள் மகள்; பணக்கடன் என்று நினைத்துவிடுகிறார் மனிதர், பாவம், அவர் அனுபவம் அப்படி. இல்லை, கதை சொன்ன கிழவிகளுக்கும், ஊர் ஊராகத் திரிந்த பாட்டுக்காரர்களுக்கும், தன்னைப் படித்தவர்களுக்கும் பட்ட கடன், கடைசியில் இந்தப் பரிசு தந்தவர்களுக்கும், இதையெல்லாம் எப்படி அடைப்பது என்று கேட்கிறாள். அப்பா நாற்காலிக் கையில் ஒரு குத்து விட்டு, எவராலும் தீர்க்க முடியாத விஷயத்துக்கு மண்டையை உடைத்துக்கொள்ள மாட்டேன், எனக்கு இருக்கும் சந்தோஷத்தில் வேறு கவலையே கிடையாது என்கிறார்!

கேள்வி: இவரை எதிலிருந்து படிக்க ஆரம்பிக்கலாம்?
(வாசகி, மதுரை)

பதில்: 'தேவமலர்'. இதுவும் க.நா.சு. தமிழில்தான். கிறிஸ்துமஸ் இரவில் காடு பூக்கும் கதை, சின்னதுதான். பிடித்தால் 'மதகுரு'வுக்குப் போங்கள். ஆரம்பத்தில் பாத்திரங்கள் திமுதிமுவென்று வருவார்கள், சலிக்காமல் தாண்டிவிடுங்கள்.