பழைய பென்டியம் 3 கணினியைப் பென்டியம் 4-க்கு மாற்றிக் கொடுக்கலாமா?

வாசகர் ஒருவரின் கேள்வி: "800 மெகாஹெர்ட்ஸ் பென்டியம் 3 பிராசஸர், இன்டெல் 440பிஎக்ஸ் சிப்செட் உள்ள மதர்போர்டு, வூடூ 3 கிராஃபிக்ஸ் கார்டு, ஐஎஸ்ஏ என்ற பழைய வகை ஸ்லாட்டில் சவுண்ட் பிளாஸ்டர் 16 சவுண்ட் கார்டு ஆகியவை கொண்ட பழைய கணினி என்னிடம் உள்ளது. டாஸ், விண்டோஸ் 98 காலத்து விளையாட்டுகளுக்காக அதை மீண்டும் எடுத்து வைத்திருக்கிறேன். வேகம் கூடும் என்று எண்ணி மூன்று 256 மெகாபைட் ரேம்களைப் பொருத்தினேன். இப்போது விண்டோஸ் 98 தொடங்கும்போதே 'நினைவகம் போதவில்லை' என்கிறது. டாஸ் விளையாட்டு ஒன்று 'ரன்டைம் எர்ரர் 200' என்று காட்டி நின்றுவிடுகிறது. பழைய பாகங்கள் விற்பவர் ஒருவரிடம் கேட்டதற்கு, போர்டு பழுதாகிவிட்டது என்றும், கணினியைக் கொடுத்து மேற்கொண்டு பணமும் தந்தால் ரெட்ரோ விளையாட்டுக்கென்றே தயார் செய்த பென்டியம் 4 கணினியைத் தருவதாகவும் சொல்கிறார். மாற்றிக்கொள்ளலாமா?"

மாற்ற வேண்டாம். நீங்கள் சொல்லும் இரண்டு குறைகளில் எதுவும் மதர்போர்டின் பழுதைக் காட்டவில்லை. இரண்டையும் பணம் செலவழிக்காமல் வீட்டிலேயே சரிசெய்துவிடலாம்.

முதலில் ரேம். 768 மெகாபைட் இருக்கும் இடத்தில் நினைவகம் போதவில்லை என்று வருவது முரணாகத் தோன்றினாலும், விண்டோஸ் 98 இயங்கும் முறைக்கு அது இயல்பானதே. ஹார்டு டிஸ்கிலிருந்து ஒருமுறை படித்ததை மறுபடி படிக்காமல் இருப்பதற்காக அது ரேமில் ஒரு பகுதியைத் தனக்கென்று ஒதுக்கிக்கொள்கிறது. ரேம் கூடக் கூட இந்த ஒதுக்கீடும் பெருகுகிறது. 512 மெகாபைட்டைத் தாண்டும்போது மற்ற வேலைகளுக்கான முகவரிகள், அதாவது நினைவகத்தின் இடங்களைக் குறிக்கும் எண்கள், தீர்ந்துபோகின்றன. 'போதவில்லை' என்று அது சொல்வது இந்த முகவரிகளைத்தான். கணினியை அணைத்து, மின்கம்பியையும் கழற்றிவிட்டு, மூன்றில் இரண்டு ரேம்களை எடுத்துவிடுங்கள். மீதமுள்ள 256 மெகாபைட் தாராளமாகப் போதும். 1998 வாக்கில் வெளிவந்த விளையாட்டுகள் பலவும் 32 அல்லது 64 மெகாபைட்டை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. ரேமைக் குறைக்காமல் விண்டோஸின் அமைப்புக் கோப்பில் ஒரு வரி சேர்த்தும் இதைச் சமாளிக்கலாம் என்றாலும், உங்கள் தேவைக்கு அந்தச் சிரமம் வேண்டியதில்லை.

பின்னாளில் வேறு ரேம் வாங்க நேர்ந்தால் அதன் சில்லுகளை எண்ணிப் பாருங்கள். 256 மெகாபைட் ரேமில் இரு பக்கமும் சேர்த்து 16 சில்லுகள் இருந்தால் 440பிஎக்ஸ் போர்டு அதை முழுமையாக எடுத்துக்கொள்ளும். எட்டே சில்லுகள் இருந்தால் அதில் பாதியை மட்டுமே கணக்கில் கொள்ளும். விற்பவர்கள் இதைச் சொல்வதில்லை. கேட்டாலும் உங்கள் போர்டின் மீதே பழி போடுவார்கள்.

அடுத்தது 'ரன்டைம் எர்ரர் 200'. டர்போ பாஸ்கல் மொழியில் எழுதப்பட்ட பழைய நிரல்கள் பல, தொடங்கியவுடன் கணினியின் வேகத்தை அளந்துகொள்கின்றன. கணினிக் கடிகாரத்தின் ஒரு துடிப்புக்குள், அதாவது ஏறத்தாழ 55 மில்லிநொடிக்குள், ஒரு வெற்றுச் சுற்று எத்தனை முறை ஓடுகிறது என்று எண்ணி, அதை 55-ஆல் வகுத்து வைத்துக்கொள்கின்றன. அந்த விடைக்கென்று ஒதுக்கிய இடத்தில் 65,535 வரைதான் கொள்ளும். ஏறத்தாழ 200 மெகாஹெர்ட்ஸைத் தாண்டிய பிராசஸர்களில் விடை அதைவிடப் பெரிதாகிவிடுவதால் நிரல் அங்கேயே நின்றுவிடுகிறது. சிக்கல் உங்கள் கணினி அந்த நிரலுக்கு வேண்டியதைவிட வேகமாக இருப்பதில் உள்ளது. இதற்கு மருந்தாக அதைவிடவும் வேகமான பென்டியம் 4-ஐ ஒருவர் பரிந்துரைக்கிறார் என்றால், அவர் உங்கள் கேள்வியைக் காதில் வாங்கவே இல்லை, அல்லது வாங்கியும் வேறு கணக்குப் போட்டிருக்கிறார். அந்தக் கணினியிலும் இதே பிழைதான் வரும்.

செய்ய வேண்டியது இதுதான். கணினியைப் போட்டவுடன் டெலீட் விசையை அழுத்தி, விண்டோஸ் தொடங்குவதற்கு முன் வரும் அமைப்புத் திரையான பயாஸுக்குள் சென்று, 'சிபியு இன்டர்னல் கேஷ்' என்ற வரியை 'டிசேபிள்டு' என்று மாற்றிச் சேமியுங்கள். பிராசஸருக்குள் இருக்கும் விரைவு நினைவகம் அணைந்துவிடுவதால், 800 மெகாஹெர்ட்ஸ் பென்டியம் 3-உம் 386 என்ற மிகப் பழைய பிராசஸர் காலத்துக் கணினியை ஒட்டிய வேகத்துக்கு இறங்கிவரும். 1990-இல் வந்த விங் கமாண்டர் போல, வேகமான கணினியில் ஆட முடியாத அளவுக்குத் தாறுமாறாக ஓடும் விளையாட்டுகளுக்கும் இந்த வழி உதவும். விளையாடி முடித்ததும் மறவாமல் பழைய நிலைக்கு மாற்றிவிடுங்கள். இல்லையென்றால் விண்டோஸ் 98 திறப்பதற்குள் பொறுமை போய்விடும், கணினி கெட்டுவிட்டது என்ற வீண் பயமும் வரும். பாஸ்கல் பிழைக்கு மட்டும் தீர்வு வேண்டுமானால், விளையாட்டுக் கோப்பைத் திருத்தித் தரும் சிறு நிரல்களும் உண்டு. அசல் கோப்பை நகலெடுத்து வைத்துக்கொண்டு அவற்றைப் பயன்படுத்துங்கள்.

இனி அந்த விற்பனையாளர் உங்களிடமிருந்து எதைக் கேட்கிறார் என்று பார்ப்போம். பழைய விளையாட்டுகளை விரும்புவோர் இன்று தேடி அலையும் பாகங்கள் இரண்டு உங்கள் கணினியில் இருக்கின்றன. ஒன்று ஐஎஸ்ஏ ஸ்லாட் உள்ள 440பிஎக்ஸ் போர்டு; மற்றொன்று வூடூ 3 கார்டு. டாஸ் விளையாட்டுகள் சவுண்ட் கார்டை இயக்கு மென்பொருள் எதன் துணையுமின்றி நேரடியாகத் தேடும். 220 என்ற முகவரியிலும், 5 அல்லது 7 என்ற இன்டரப்டிலும் (கார்டு பிராசஸரை அழைக்கும் வழி), 1 என்ற டிஎம்ஏ தடத்திலும் (தரவு நேராக நினைவகத்திலிருந்து கார்டுக்குச் செல்லும் வழி) அது கிடைக்கும் என்று எதிர்பார்க்கும். ஐஎஸ்ஏ கார்டு அங்கே உண்மையாகவே இருக்கிறது. வழக்கமான பென்டியம் 4 போர்டுகளில் ஐஎஸ்ஏ ஸ்லாட் இல்லை. அவற்றில் பிசிஐ என்ற பிந்தைய வகை ஸ்லாட்டில் வரும் சவுண்ட் கார்டுகள் பெரும்பாலும் ஒரு மென்பொருளை வைத்துச் சவுண்ட் பிளாஸ்டரைப் போல நடிப்பவை. சில விளையாட்டுகளில் ஒலி வரும், சிலவற்றில் இசை மட்டும் வரும், சிலவற்றில் கணினியே உறைந்துவிடும்.

உங்கள் வூடூ 3, ஏஜிபி என்ற கிராஃபிக்ஸ் ஸ்லாட்டில் செருகும் வகை என்றால், அதை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை மாற்றலாம் என்றாலும் நடக்காது. அந்த வகை 3.3 வோல்ட்டில் இயங்குவது. பென்டியம் 4-க்கென்று வந்த இன்டெல் 845, 865 சிப்செட் போர்டுகள் 1.5 வோல்ட் கார்டுகளை மட்டுமே ஏற்கும். கார்டின் தங்கநிறப் பற்களைப் பாருங்கள்: மானிட்டர் கம்பி செருகும் உலோகத் தகட்டுக்கு அருகில் வெட்டு இருந்தால் 3.3 வோல்ட், தகட்டிலிருந்து தள்ளி மறுகோடியில் இருந்தால் 1.5 வோல்ட், இரண்டு இடத்திலும் இருந்தால் இரண்டுக்கும் பொருந்தும் என்று பொருள். தவறான கார்டு உள்ளே போகாமல் தடுக்கத்தான் ஸ்லாட்டிலும் அதற்கேற்ற தடுப்பு இருக்கிறது. இறங்காத கார்டை அழுத்தி இறக்க முயலாதீர்கள். உங்கள் போர்டுக்கு வேறு கார்டு வாங்கினால் தகட்டுக்கு அருகிலுள்ள வெட்டு அதில் இருந்தே ஆக வேண்டும்.

பழைய பாகங்களின் சந்தையில் மிகவும் தேய்ந்துபோன சொல் 'டெஸ்ட் செய்தது'. பெரும்பாலும் அதன் பொருள், மின்சாரம் கொடுத்தபோது திரையில் ஏதோ எழுத்து வந்தது என்பது மட்டுமே. ரேம் பரிசோதனை பல மணி நேரம் பிழையின்றி ஓடியதா, ஒரு முப்பரிமாண விளையாட்டு அரைமணி நேரம் நிற்காமல் ஓடியதா, ஒலி வந்ததா என்று கேளுங்கள். காட்ட மறுப்பவரிடம் வாங்காதீர்கள். 'டெஸ்ட் செய்யவில்லை' என்று எழுதி விற்கப்படுவதைப் பழுதானது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். விற்பவர் போட்டுப் பார்த்திருப்பார், வேலை செய்திருந்தால் அதைப் பெரிய எழுத்தில் எழுதியிருப்பார். வெளுக்கவைத்துப் புதிதாக்கிய பெட்டியும் வண்ண விளக்குகளும் உள்ளே இருக்கும் போர்டைப் பற்றி எதுவும் சொல்வதில்லை.

அவர் தருவதாகச் சொல்லும் பென்டியம் 4 கணினியில் தனியாக ஓர் ஆபத்தும் உண்டு. 2000-ஆம் ஆண்டை ஒட்டித் தொடங்கி அடுத்த சில ஆண்டுகளில் தயாரான ஏராளமான போர்டுகளில் தரமற்ற மின்கரைசல் கொண்ட கெபாசிட்டர்கள் பொருத்தப்பட்டன. பிராசஸரைச் சுற்றி நிற்கும் சிறு உருளைகள்தாம் அவை. ஒவ்வொன்றின் உச்சியிலும் குறுக்கே கீறிய கோடுகள் இருக்கும். அந்த உச்சி தட்டையாக இருக்க வேண்டும். கோடுகளில் பிளந்து மேலே புடைத்திருந்தாலும், அடியில் பழுப்பு நிறப் பொருக்கு தெரிந்தாலும் அந்தப் போர்டு நம்பத்தக்கதன்று. உங்கள் போர்டையும் ஒருமுறை டார்ச் விளக்கில் இப்படிப் பார்த்துவிடுங்கள்.

மாற்றிக்கொள்வதற்குச் சற்றேனும் நியாயம் உள்ள சூழ்நிலை ஒன்று இருக்கிறது. அதை விரிவாகச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் விற்பவர்கள் இதைத்தான் பொத்தாம்பொதுவாக எல்லோரிடமும் சொல்லி விற்கிறார்கள். நீங்கள் விளையாட விரும்புபவை 2001-க்குப் பின் விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில் வந்தவையாகவும், காசு கொடுத்து வாங்கிய அசல் குறுந்தகடுகளாகவும் இருந்தால், அவற்றில் பலவற்றில் சேஃப்டிஸ்க் என்ற நகல் தடுப்பு இருக்கும். தகடு அசல்தானா என்று பார்ப்பதற்கு அது விண்டோஸுக்குள் இருந்த ஓர் இயக்கியை (டிரைவர்) நம்பியிருந்தது. 2015-இல் வந்த விண்டோஸ் 10-இல் அந்த இயக்கி இடம்பெறவில்லை. அதே ஆண்டு செப்டம்பரில் வந்த பாதுகாப்புத் திருத்தம் விஸ்டா, 7, 8 ஆகியவற்றிலும் அதை முடக்கியது. பாதுகாப்புக் குறை இருந்ததால் எடுத்தார்கள், அதைக் குறைசொல்ல முடியாது. ஆனால், முறையாகப் பணம் கொடுத்துத் தகடு வாங்கியவருக்கு மாற்று வழி தர வேண்டிய கடமை விளையாட்டை விற்றவர்களுக்கு இருந்தது. அவர்களில் பலர் ஒரு சிறு திருத்தம்கூட வெளியிடவில்லை. விளையாட்டை மறுபடி விற்பதுமில்லை, உரிமையை விட்டுக்கொடுப்பதுமில்லை. நகல் எடுத்தவன் தடையின்றி விளையாட, அசல் வாங்கியவன் பழைய கணினி தேடி அலைகிறான். இந்த ஏற்பாட்டை நியாயம் என்று என்னால் ஏற்க முடியவில்லை.

அப்படிப்பட்ட தகடுகள் உங்களிடம் இருந்தால் எக்ஸ்பி ஓடும் ஒரு கணினி உங்களுக்கு உண்மையிலேயே பயன்படும். அப்போதும் நகல் தடுப்பு நீக்கிய பதிப்பு முறைப்படி விற்பனையில் உள்ளதா என்று முதலில் பாருங்கள்; இருந்தால் கணினியே தேவைப்படாது. இல்லையென்றால், அலுவலகங்கள் கழித்துக்கட்டிய 2005-ஐ ஒட்டிய சாதாரணக் கணினி ஒன்றைக் கூடுதலாக வாங்கி, இணையத்தில் இணைக்காமல் வைத்துக்கொள்ளுங்கள். எக்ஸ்பிக்கான வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்கள் 2014 ஏப்ரலிலேயே நின்றுவிட்டன. 'கூடுதலாக' என்பதை அழுத்திச் சொல்கிறேன். பென்டியம் 3-க்குப் பதிலாக அன்று. உங்கள் கேள்வியில் டாஸ், விண்டோஸ் 98 விளையாட்டுகள் மட்டுமே இருப்பதால் இந்த விதிவிலக்கு உங்களுக்குப் பொருந்தாது.

உள்ளதை மேம்படுத்துவதற்கு வருவோம். பிராசஸர் வேகத்தைக் கூட்டும் ஆசையில் போர்டின் அடிப்படை வேகத்தை 100-இலிருந்து 133 மெகாஹெர்ட்ஸுக்கு உயர்த்தச் சொல்பவர்கள் உண்டு. 440பிஎக்ஸில் அப்படிச் செய்தால் 66 மெகாஹெர்ட்ஸில் ஓட வேண்டிய ஏஜிபி 89-இல் ஓடும். வூடூ 3 போன்ற கார்டை அதற்குப் பணயம் வைக்காதீர்கள். பிராசஸருக்கும் வெப்பம் கடத்தும் உலோகத்துக்கும் இடையில் காய்ந்துபோன பசையைத் துடைத்துப் புதிதாக இடுவதும், சத்தமிடும் மின்விசிறியை மாற்றுவதும் அதைவிடப் பயனுள்ள வேலைகள். பயாஸில் 5-ஆம் இன்டரப்டையும் 1-ஆம் டிஎம்ஏவையும் ஐஎஸ்ஏ கார்டுக்கென்று ஒதுக்கிவிட்டால் ஒலிச் சிக்கல்களில் பெரும்பகுதி தீரும்.

கணினிக்கு மின்சாரம் வழங்கும் பெட்டியான எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றினால் மொத்த வாட் எண்ணைப் பார்த்து வாங்காதீர்கள். இன்றைய எஸ்எம்பிஎஸ்கள் வலிமையை 12 வோல்ட் பக்கம் குவித்து வைத்திருக்கின்றன. உங்கள் போர்டோ முதன்மையாக 5 வோல்ட்டையும் 3.3 வோல்ட்டையும் நம்பியிருக்கிறது. பக்கவாட்டு லேபிளில் 5 வோல்ட்டுக்கு நேரே 20 ஆம்பியர் அளவில் எழுதியிருந்தால் கவலையில்லை. உங்களுடையது பெரிய நிறுவனம் ஒன்றின் பெயரோடு வந்த முழுக் கணினி என்றால் மட்டும், இணைப்பியில் கம்பிகளின் வண்ண வரிசை பழையதோடு ஒத்திருக்கிறதா என்று பார்த்த பிறகே செருகுங்கள். அக்காலத்தில் சிலர் பார்வைக்கு ஒரேமாதிரியான 20 முனை இணைப்பியில் கம்பிகளை மட்டும் இடம்மாற்றி விற்றார்கள். பொதுவான எஸ்எம்பிஎஸ்ஸை அதில் செருகினால் போர்டு புகைந்துவிடும்.

ஹார்டு டிஸ்க் பழையதென்றால் ஐடிஇ என்ற பழைய ஹார்டு டிஸ்க் இணைப்பில் செருகும் மாற்றியில் பொருத்திய காம்பாக்ட் ஃபிளாஷ் நினைவக அட்டை நல்ல மாற்று. அக்காலத்துப் பயாஸ் சிலவற்றால் 32 ஜிகாபைட்டுக்கு மேல் காண முடியாது என்பதால் 16 ஜிகாபைட்டே போதும். போலி அட்டைகள் ஏராளமாக விற்கப்படுவதால், புதிய கணினியில் அதை முழுவதுமாக நிரப்பிச் சரிபார்த்த பிறகே விண்டோஸை நிறுவுங்கள். இயக்கி மென்பொருள்களைத் தயாரித்த நிறுவனங்களில் பல அவற்றைத் தங்கள் தளங்களிலிருந்து நீக்கிவிட்டன. அந்த வெற்றிடத்தில் 'இயக்கி தேடித் தருகிறோம்' என்ற பெயரில் தீநிரல்களைத் திணிக்கும் தளங்கள் பெருகியிருக்கின்றன. ஆகவே, இப்போது உங்கள் ஹார்டு டிஸ்கில் இருக்கும் சவுண்ட் கார்டு, வூடூ 3 இயக்கிகளை வேறு எதையும் தொடுவதற்கு முன்பே நகலெடுத்து இரண்டு இடங்களில் வைத்துவிடுங்கள்.