போனில் ரேடியோ குச்சி தெரியவில்லையா? வயரைப் பாருங்கள்

தம்பி, ஆர்.டி.எல்-எஸ்.டி.ஆர். குச்சி (யூ.எஸ்.பி.யில் செருகி ரேடியோ கேட்கிற சின்னக் கருவி) மடிக்கணினியில் பாடுகிறது, போனில் செருகினால் மட்டும் 'சாதனம் இல்லை' என்று வருகிறது என எழுதியிருந்தீர்கள். அப்படியென்றால் குச்சி பழுதில்லை. எனக்கு வயரில்தான் சந்தேகம்.

யூ.எஸ்.பி.யில் போன் வழக்கமாக மின்சாரம் வாங்குகிற பக்கம். குச்சிக்குக் கொடுக்கிற பக்கமாக மாற ஓ.டி.ஜி. வயர் வேண்டும். உங்களுடையது மைக்ரோ யூ.எஸ்.பி. போன் என்பதால், அந்த வயரின் போன் பக்க முனையில் 4ஆவது முள் (பின்) தரை முள்ளோடு, அதாவது கிரவுண்டோடு, இணைந்திருக்க வேண்டும். அதைக் கண்டுதான் போன் மாறும். வவுனியாவில் ஒரு கடையில் ஓ.டி.ஜி. என்று சத்தியம் பண்ணித் தந்த வயரைப் பிரித்துப் பார்த்தேன். அந்த முள்ளில் எந்த இணைப்புமே இல்லை!

முதலில் ஒரு பென் டிரைவைச் செருகிப் பாருங்கள். அதுவும் தெரியாவிட்டால் வயரை மாற்றுங்கள். சில போன்களில் அமைப்புகளுக்குள் ஓ.டி.ஜி. சுவிட்ச் ஒன்று இருக்கும். அதைப் போட வேண்டும். சும்மா விட்டால் தானாக அணைந்தும் விடும்.

பென் டிரைவ் தெரிந்தால் குறை மென்பொருளில். ரேடியோ செயலி மட்டும் போதாது, குச்சியைப் போனுக்குப் புரிய வைக்கிற ஆர்.டி.எல்.2832யூ டிரைவர் செயலியும் வேண்டும். குச்சியைச் செருகியதும் அனுமதி கேட்கும், ஓம் என்று கொடுங்கள்.

பிறகு, இந்தக் குச்சி போனிலிருந்து ஏறத்தாழ 300 மில்லி ஆம்பியர் மின்சாரம் இழுக்கும். மாங்குளத்தில் கரண்ட் போன நேரத்தில் சோதிக்காதீர்கள், பேட்டரி கரைந்துவிடும். குச்சி சூடாவது வழமைதான். முதலில் 88 முதல் 108 மெகாஹெர்ட்ஸ் வரையான எஃப்.எம்.மில் ஒருக்காத் தேடிப் பாருங்கள்.