பட்டாளத்துக் குடும்பங்களுக்காக 11 வருஷமா அலையிறேன், என்ன வேணாலும் கேளுங்க

என் வீட்டுக்காரர் ஹவில்தாரா ரிட்டயர் ஆனவர். குவார்ட்டர்ஸ்ல பக்கத்து வீட்டு அக்காங்களுக்கு ஃபார்ம் ஃபில் பண்ணிக் குடுக்க ஆரம்பிச்சேன், இப்ப ஒரு டிரஸ்ட்ல இதுவே என் முழுநேர வேலை.

கேள்வி: அக்கா, ஆதார்ல என் பேரோட இனிஷியல் மட்டும்தான், பட்டாளத்து ரெக்கார்டுல என் வீட்டுக்காரர் பேரையும் சேர்த்து எழுதிட்டாங்க. பிரச்சனை வருமா?

பதில்: வரும்மா, இப்பவே சரி பண்ணிடு. நம்ம ஊர் இனிஷியல் வழக்கம் மத்த ஸ்டேட் கிளார்க்குக்குப் புரியாது, சர்நேம் கட்டத்துல எதையாவது போட்டுடுவாங்க. கல்யாணம், குழந்தை பொறந்தது எல்லாம் பார்ட் டூ ஆர்டர்ல, அதாவது குடும்ப விவரத்த யூனிட்ல பதியிற ஆர்டர்ல, எப்படி ஏறியிருக்கோ அப்படித்தான் நாளைக்கு பென்ஷன் பேப்பர்லயும் வரும். வீட்டுக்காரர் சர்வீஸ்ல இருக்கறப்பன்னா அஃபிடவிட், ஆதார், மேரேஜ் சர்டிஃபிகேட் வச்சு யூனிட்ல எழுதிக் குடுத்தா அங்கேயே திருத்தம் போட்டு ரெக்கார்ட்ஸ் ஆபீஸுக்கு அனுப்பிடுவாங்க. அவர் இறந்தப்புறம்னா அதே வேலைக்கு நீ தனியா அலையணும். ஒரு அக்கா மஞ்சப்பையோட வந்தாங்க, உள்ள அவங்க பேரு நாலு பேப்பர்ல நாலு விதமா இருந்துச்சு, ஒண்ணுல கடைசி எழுத்தே இல்ல, அந்த ஒரு எழுத்துக்காக பென்ஷன் வர 14 மாசம் ஆச்சு. அந்தப் பைய மடியில வச்சுட்டு அவங்க உக்காந்திருந்தது இன்னும் என் கண்ணுலயே நிக்குது.

கேள்வி: மேடம், என் அண்ணன் டியூட்டில இருக்கும்போது வண்டி கவுந்து இறந்துட்டார். அண்ணிக்கு சாதாரண ஃபேமிலி பென்ஷன்தான் போட்டிருக்காங்க, அவ்வளவுதானா?

பதில்: அவ்வளவுதான்னு விட்டுடாதீங்க தம்பி. சாவு சர்வீஸ் காரணமா நடந்ததுன்னு ஏத்துக்கிட்டா ஸ்பெஷல் ஃபேமிலி பென்ஷன், அது கடைசி சம்பளத்துல 60 சதவீதம். சாதாரணத்துல ஆரம்ப வருஷங்கள் முடிஞ்சா 30 தான். சண்டையில உயிர் போனா லிபரலைஸ்டு பென்ஷன், முழு சம்பளமும் வரும். முதல்ல கோர்ட் ஆஃப் என்கொயரி, அதாவது பட்டாளத்துக்குள்ள நடத்துற விசாரணை, அதோட காப்பிய வாங்குங்க, குடுக்கலைன்னா 10 ரூபா கட்டி ஆர்டிஐ போடுங்க, அதுல டியூட்டியில இருந்தார்னு இருக்கான்னு பாருங்க. இருந்தா அப்பீல் போடுங்க, அதுலயும் மறுத்தா ஆயுதப்படை தீர்ப்பாயம் இருக்கு, சென்னையிலயே ஒரு பெஞ்ச் உண்டு. அண்ணிய வெறும் பேப்பர்ல கையெழுத்து மட்டும் போட வைக்காதீங்க, கூட உக்கார வச்சு ஒவ்வொண்ணா படிச்சுக் காட்டுங்க.

கேள்வி: விதவைகளுக்கு இசிஹெச்எஸ், அதான் முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டம், உண்டா?

பதில்: ஃபேமிலி பென்ஷன் வாங்குறவங்களுக்கு உண்டு. போர் விதவைங்க பணம் கட்டவே வேண்டாம்.

கேள்வி: நானும் ஆர்மி ஒய்ஃப்தான், பி.காம். இந்த வேலைக்கு வர வக்கீலுக்குப் படிக்கணுமா சிஸ்டர்?

பதில்: படிச்சா நல்லது, கட்டாயம் இல்ல. நீ ஏற்கனவே ரெண்டு வருஷத்துக்கு ஒருக்கா ஊர் மாறி, ஸ்கூல் டிசி வாங்கி, கேன்டீன் கார்டு மாத்தின்னு பாதி வேலையப் பழகிட்ட. மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துல என்னென்ன உதவி இருக்குன்னு போய்க் கேட்டு எழுதி வச்சுக்க. ஆரம்பத்துல சம்பளம் கம்மி, நான் மூணு வருஷம் சும்மாவே பண்ணேன், அதனால குடும்பச் செலவுக்கு வேற வழி வச்சுக்கிட்டு இறங்கு. அடுத்த மாசம் ஸ்பர்ஷ்ங்கற பட்டாளத்து பென்ஷன் போர்ட்டல்ல, உயிரோட இருக்கேன்னு காட்டுற லைஃப் சர்டிஃபிகேட் போடத் தெரியாத ஒரு பாட்டிய தேடிப் போ. ரேகை தேஞ்சு போயிருக்கும், மிஷின் எடுக்காது, போன்ல முகத்தக் காட்டியே ஜீவன் பிரமாண்ங்கற டிஜிட்டல் லைஃப் சர்டிஃபிகேட் போட்டுடலாம், வெளிச்சம் இருக்கற இடமாப் பாத்து உக்கார வை.